வண்ணப் படம் வாக்குமூலம் ஆகுமா?



அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையில் கள்ளிக்குப்பம் என்றோர் ஊர் உண்டு. நான் குடியிருப்பது அங்கேதான். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி, வழவழப்பான துண்டறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதில் சாம்பல் நிறத்தில் இரண்டு மூளைகள். ஒன்றின் கீழ் 'பயிற்சிக்கு முன்' என்றும், மற்றொன்றின் கீழ் 'பயிற்சிக்குப் பின்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டாவது மூளையில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது. உறங்கும் மூளையை எழுப்பித் தருவதாகச் சொல்லும் ஒரு பயிற்சி வகுப்பின் விளம்பரம் அது. அந்தப் பெண்ணின் தாயார் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை அதற்குக் கட்டணமாகக் கட்ட முடிவு செய்திருந்தார்.

"சார், இது மூளையைப் பிடிச்ச போட்டோதானே? போட்டோ பொய் சொல்லாதில்ல?" என்று அவள் கேட்டாள்.

"இது போட்டோவே இல்லையம்மா" என்றேன். "அப்ப என்ன சார் இது?" என்றாள். அன்று நான் சொன்ன அவசர விடை எனக்கே நிறைவு தரவில்லை. உங்களில் பலரும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் இத்தகைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். எனவே அவளுக்குச் சொல்ல வேண்டிய முழு விடையை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கூடவே என் கருத்து ஒன்றையும் சொல்லப் போகிறேன்.

இரத்தமும் காந்தமும்

மூளை வேலை செய்யும்போது படமெடுக்கும் முறைக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. என்று பெயர். செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் பதிவு எனத் தமிழில் சொல்லலாம். இதன் அடிப்படை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கும்போது டயா காந்தத் தன்மையும், ஆக்ஸிஜனை இழந்ததும் பாரா காந்தத் தன்மையும் கொள்கிறது. இதை 1936இல் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியெல் என்னும் இருவர் கண்டறிந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின், 1990இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய இயற்பியலாளர் செய்ஜி ஒகாவா இந்த வேறுபாட்டைக் கொண்டே மூளையின் செயலைப் பின்தொடரலாம் என்று எலிகளில் காட்டினார். 1992இல் மனித மூளையிலும் இது செய்து காட்டப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரின் கோடைக் காலம் உதவும். மொட்டை மாடியில் நின்று தெருவைப் பாருங்கள். வீடுகளுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்பது உங்கள் காதில் விழாது. ஆனால் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றால், 'அங்கே ஏதோ விசேஷம்' என்று ஊகித்துவிடலாம். மூளையில் நரம்பணுக்கள்தாம் விருந்தினர். இரத்தம்தான் தண்ணீர் லாரி. கருவி பார்ப்பது லாரியை மட்டுமே.

இதில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, லாரி தாமதமாக வருகிறது. நரம்பணுக்கள் கிளர்ச்சியுற்று ஐந்தாறு வினாடிகள் கழிந்த பிறகே இரத்த ஓட்டத்தின் விளைவு உச்சத்தை அடைகிறது. இரண்டாவது, லாரி தேவைக்கு மேல் தண்ணீர் கொண்டுவருகிறது. செலவாகும் ஆக்ஸிஜனைவிட அதிகமாக வந்து சேர்வதால், ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபினின் விகிதம் அங்கே குறைகிறது. கருவியின் சைகை சற்றே உயர்கிறது. மூன்றாவது, உள்ளே நடப்பது கல்யாணமா கருமாதியா என்று லாரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த உயர்வு எவ்வளவு தெரியுமா? பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல் 60,000 மடங்குக்கு மேற்பட்ட புலம், இருந்தும் கிடைப்பது இவ்வளவே. மூச்சு, இதயத் துடிப்பு, தலையின் அசைவு, கருவியின் சூடேற்றம் ஆகிய ஒவ்வொன்றும் இதே அளவுக்கு அல்லது இதைவிடக் கூடுதலாகச் சைகையைக் குலைக்கக்கூடும். சந்தைக் கூச்சலில் ஒருவரின் முணுமுணுப்பைப் பிரித்தெடுப்பது போன்ற வேலை இது.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

ஒருவரைக் கருவிக்குள் படுக்க வைத்து, அரை நிமிடம் படங்களைக் காட்டி, அரை நிமிடம் ஓய்வு தருகிறார்கள். இப்படியே மாறி மாறிப் பலமுறை. ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு முறை மூளை முழுவதும் பதிவாகிறது. அந்தப் பதிவில் மூளை, பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஆயிரக்கணக்கான கனத்துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டுக்குள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கும். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நீண்ட எண் வரிசை கிடைக்கிறது.

பிறகு ஒவ்வொரு வரிசையிடமும் ஒரே கேள்வி: 'படம் காட்டியபோது நீ உயர்ந்தாயா, ஓய்வில் தாழ்ந்தாயா?' கணக்கு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அந்தத் துண்டுக்குச் சிவப்பு, தாண்டாவிட்டால் சாம்பல். நண்பர்களே, அந்தச் சிவப்பு இரத்தமும் அன்று, வெப்பமும் அன்று. 'தேர்வில் தேறியது' என்று கணினி இட்ட குறி. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒரு மனிதர். தேர்ச்சி மதிப்பெண்ணை வகுத்தவரும் ஒரு மனிதரே. எனவே இந்தப் படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு? எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்?' என்பதுதான்.

நாணயம் சொல்லும் பாடம்

இரண்டாம் கேள்வி ஏன் முக்கியம்? நீங்களே செய்து பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். ஒன்பது முறையோ பத்து முறையுமோ தலை விழும் வாய்ப்பு 1024இல் 11, அதாவது நூற்றுக்கு ஒன்றுதான். உங்களுக்கு அப்படி விழுந்தால் வியந்து போவீர்கள். ஆனால் 1000 மாணவர் படிக்கும் பள்ளியில் எல்லோரும் இதைச் செய்தால், சுமார் 11 பேருக்கு அப்படி விழத்தான் செய்யும். அந்தப் பதினொரு பேரை மட்டும் மேடையேற்றி, 'இவர்கள் தலை விழச் செய்யும் ஆற்றல் பெற்றவர்கள்' என்று மாலை போட்டால் அது எவ்வளவு பேதைமை! அவர்களை மறுபடியும் சுண்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒருவருக்கும் மீண்டும் அப்படி விழாது.

மூளைப் படத்தில் தேர்வெழுதுவோர் ஆயிரக்கணக்கான கனத்துண்டுகள். ஒன்றுமே நடக்காவிட்டாலும் சில துண்டுகள் தற்செயலாகத் தேறிவிடும். இதை உலகுக்கு உணர்த்தியது ஒரு செத்த மீன் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் என்பவரும் அவருடைய தோழர்களும் இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்?' என்று கேட்டனர். ஆராய்ந்த 8,064 கனத்துண்டுகளில் 16 'தேறிவிட்டன'. மீனின் மூளைக்குள்ளேயே ஒரு சிவப்புக் கொத்து!

கணக்கைப் பாருங்கள். ஆயிரத்தில் ஒன்று என்னும் எல்லை கண்டிப்பானது போலத் தோன்றும். ஆனால் 8,064 துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தினால் எட்டுத் துண்டுகள் சும்மாவே தேறும் என்று எதிர்பார்க்க வேண்டும். எத்தனை தேர்வுகள் நடந்தன என்பதையும் சேர்த்து எல்லையைத் திருத்தியமைத்தபோது மீனின் சிவப்பு முழுவதும் மறைந்தது. 2009இல் மாநாடொன்றில் வைக்கப்பட்ட இந்த ஆய்வு 2012இல் இக் நோபெல் என்னும் வேடிக்கைப் பரிசைப் பெற்றது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. திருத்தும் முறைகள் அதற்கு முன்பே தெரிந்திருந்தன. அவற்றைச் செய்யாமலேயே பல கட்டுரைகள் அக்காலத்தில் வெளிவந்துகொண்டிருந்தன என்பதுதான் சிந்திக்க வேண்டிய செய்தி.

நீதிமன்றத்தில் ஒரு மூளை

'மீனோடு போகட்டும், நமக்கென்ன?' என்கிறீர்களா? நம் நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2008இல் புனே நகர அமர்வு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று, அவருடைய தலையில் மின்முனைகளைப் பொருத்தி எடுத்த மூளை மின்னலைப் பதிவு. இது எஃப்.எம்.ஆர்.ஐ. அன்று, வேறு முறை. ஆனால் சிக்கல் ஒன்றே. குற்றத்தைப் பற்றிய வாக்கியங்களைக் கேட்கச் செய்து, அலைகளின் மாறுதலைக் கணினியால் ஆராய்ந்து, 'இது இவருக்கு அனுபவத்தால் தெரிந்த செய்தி' என்று முடிவுகட்டினார்கள். அதே ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன இயக்குநரின் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, இத்தகைய சோதனைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறியது. 2010 மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில், ஒருவரின் சம்மதமின்றி இத்தகைய சோதனைகளைச் செய்வது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் தன் கடமையைச் செய்தது. நான் கேட்பது வேறு. அந்தச் சோதனையில் எல்லை எங்கே வகுக்கப்பட்டது? குற்றமே செய்யாத எத்தனை பேரிடம் அதே சோதனையை நடத்தி, எத்தனை பேர் தவறாகச் சிக்குகிறார்கள் என்று பார்த்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் வக்கீல்களிலும், செய்தியாளர்களிலும், ஏன், பொதுமக்களிலும் இருக்க வேண்டாமா? ஒருவருடைய விடுதலை ஒரு கணக்கைப் பொறுத்ததாக இருக்கும்போது, அந்தக் கணக்கு சிலருக்கு மட்டுமே தெரிந்த மந்திரமாக இருக்கக் கூடாது.

தன்னைத் தானே திருத்துவது

அப்படியானால் மூளைப் படக் கலை முழுவதுமே பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். அப்படி எண்ணுவதும் தவறே. வலிப்பு நோய்க்கோ மூளைக் கட்டிக்கோ அறுவை செய்யும் முன், பேச்சுக்குரிய பகுதி எங்கே இருக்கிறது என்றறிய எஃப்.எம்.ஆர்.ஐ. துணை செய்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இப்பணி நடக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆய்வுக் கட்டுரையில் இல்லாததை உண்டென்பது பெரும் பிழை. அறுவை மேசையிலோ, இருப்பதை இல்லையென்பதே பெரும் பிழை. பேச்சுப் பகுதி கத்திக்கு இரையாகிவிடும். எல்லையை மிகக் கண்டிப்பாக்கினால் மீன் பிழைக்கும், நோயாளி பிழைக்காமல் போகலாம். ஆகவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. கேள்விக்கேற்ற முறையைத் தேர்வதே கலை.

இந்தக் கலை எப்படி முன்னேறுகிறது? சில நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

சிறுவர் மூளையில் தொலைவான பகுதிகளுக்கிடையே இணைப்பு வலுக்குறைவாக இருக்கிறது என்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர் குழு முன்பு எழுதியிருந்தது. 2012இல் அதே குழுவைச் சேர்ந்த ஜொனாதன் பவரும் தோழர்களும், தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே இத்தகைய தோற்றம் உண்டாகக்கூடும் என்று காட்டினர். சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகமாக அசைகிறார்கள், அவ்வளவுதான்! தம் சொந்த முடிவின் மீதே ஐயத்தை எழுப்பி அதை அச்சிலும் ஏற்றிய அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

2016இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட், தாமஸ் நிக்கல்ஸ், ஹான்ஸ் நூட்ஸன் ஆகிய மூவர் வேறொரு சோதனை செய்தனர். எந்த வேலையும் செய்யாமல் படுத்திருந்த 499 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, வேலை செய்தது போலப் பாவித்து, புகழ்பெற்ற மென்பொருள்களைக் கொண்டு சுமார் 30 இலட்சம் முறை கணக்கிட்டனர். நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தவறான சிவப்பு வர வேண்டும். ஆனால் கொத்துகளை அளக்கும் சில முறைகளில் 70 வரை வந்தது! பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் இரைச்சல் எப்படி ஒத்திருக்கும் என்று மென்பொருள் கொண்டிருந்த அனுமானம் உண்மைக்குப் பொருந்தவில்லை. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பதிவுகளை எடுத்தவர்கள் அவற்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்ததுதான்.

2020இல் இன்னொரு பாடம். 108 பேரின் ஒரே பதிவுகளை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கூற்றுகள் சரியா தவறா என்று கேட்டார்கள். எந்த இரண்டு குழுக்களும் முற்றிலும் ஒரே வழியில் கணக்கிடவில்லை; முடிவுகளும் பல கூற்றுகளில் வேறுபட்டன. ஒரே அரிசி, ஒரே பருப்பு. எழுபது வீட்டுச் சாம்பார்!

நமக்கும் இதில் பங்குண்டு

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று ஒதுக்காதீர்கள். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் என்னைப் போல் இயற்பியல் கற்பித்த ஒருவர் இருந்தார். அவர்தான் பி.சி. மகாலநோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1936இல் தம் பெயரால் வழங்கும் 'தொலைவு' ஒன்றை வகுத்தார். மனித உடலளவுகளை ஒப்பிடும் முயற்சியில் பிறந்தது அது.

அதன் கருத்து எளியது. உங்கள் வகுப்பின் சராசரியைவிட 10 செ.மீ. உயரமும் 8 கிலோ எடையும் கூடுதலாக உள்ள மாணவன் அதிசயமல்லன். உயர்ந்தவர்கள் எடையும் கூடியிருப்பது இயல்பு. ஆனால் 10 செ.மீ. கூடுதலாகவும் 8 கிலோ குறைவாகவும் இருப்பவன் சராசரியிலிருந்து உண்மையில் வெகுதூரம் விலகியவன். அடிக்கோலால் அளந்தால் இருவரும் ஒரே தொலைவு. மகாலநோபிஸ் தொலைவு, அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குவதையும் கணக்கில் கொள்வதால் இருவரையும் வேறுபடுத்துகிறது. மூளையின் அண்டைத் துண்டுகளும் அப்படியே சேர்ந்து ஏறி இறங்குகின்றன. ஆகவே இரண்டு காட்சிகள் மூளையில் எழுப்பும் கோலங்களை ஒப்பிட இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்த இயற்பியல் ஆசிரியரின் தொலைவைப் பயன்படுத்துகிறார்கள். அவர் மூளைப் படம் எதையும் பார்த்தவரில்லை, 1972இலேயே மறைந்துவிட்டார். நல்ல முறை ஒன்று, அதை வகுத்தவர் கனவிலும் காணாத இடங்களுக்குப் போய் உழைக்கிறது.

என் கருத்து

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அறிவியல் என்றாலே கருவி என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. 'அவர்களிடம் கோடி ரூபாய்க் கருவி இருக்கிறது, நம்மிடம் இல்லை' என்று பெருமூச்சு விடுகிறோம். கருவி தருவது எண்களை மட்டுமே. எண்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது முறை. முறையைக் கற்பதும் செப்பனிடுவதும் இரண்டாந்தர வேலை அன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அளக்கும் கருவி தவறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும் என்பார்.

ஆனால் பள்ளியில் நடப்பதென்ன? பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசி அத்தியாயம். பல இடங்களில் அது ஆண்டுக் கடைசியின் அவசரத்தில் ஓடி மறைகிறது. திட்ட விலக்கத்தின் சூத்திரம் மனப்பாடம் ஆகிறது. அது எதற்கு என்பது தெரிவதில்லை. இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. நானே பல ஆண்டுகள் ஆய்வகத்தில், விடை புத்தகத்தோடு ஒத்துவரும்வரை அளவுகளைத் 'திருத்திய' மாணவர்களைக் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். செத்த மீனுக்குச் சிவப்புப் பூசும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது உணர்கிறேன்.

'பிழையைப் பற்றி இவ்வளவு பேசினால் இளைஞர்களுக்கு அறிவியலில் நம்பிக்கை போய்விடாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். போகாது. பிழையை மறைப்பவரிடம்தான் நம்பிக்கை போகும். பிழையைத் தேடிக் கண்டுபிடித்து, 'இதோ, நான் தவறினேன்' என்று சொல்லும் துறையை நம்பாமல் வேறெதை நம்புவது?

எனவே இளம் நண்பர்களே, உங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஆய்வகக் குறிப்பேட்டில் வந்த அளவை வந்தபடியே எழுதுங்கள். ஒத்துவராத அளவை அழிக்காதீர்கள். இரண்டு, வகுப்பில் நாணயச் சோதனையைச் செய்து, முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். மூன்று, கணினி பழகும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: ஓப்பன்நியூரோ போன்ற பொதுக் களஞ்சியங்களில் உண்மையான மூளைப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை ஆராயும் ஏஃப்னி, நைலேர்ன் போன்ற மென்பொருள்களும் இலவசமே. கல்லூரிக்குப் போனதும் அவற்றைத் தொடலாம். அதற்கு இன்றைக்கு வேண்டிய அடித்தளம், அந்தக் கடைசி அத்தியாயம்தான்.

துண்டறிக்கையோடு வந்த மாணவியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவளும் அவள் தாயாரும் ஒரு மாலை நேரம் முழுவதும் நாணயம் சுண்டிக் கணக்கெழுதினார்களாம். மறுநாள் இருவரும் அந்தப் பயிற்சி இடத்துக்குப் போய், "இந்தப் படத்தில் இருப்பது யாருடைய மூளை? எத்தனை பிள்ளைகளைச் சோதித்தீர்கள்? பயிற்சியே தராத பிள்ளைகளையும் சோதித்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். விடை கிடைக்கவில்லை. சீட்டுப் பணம் வீட்டிலேயே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெண்ணால் கேட்க முடிந்த கேள்வியை நீங்களும் கேட்கலாமல்லவா?